இருவரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்

ஜூன் 12, புதன்

காலையில் நகராட்சிப் பள்ளியில் பயிற்சி. போடியில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களைத் தெருத் தெருவாகத் தேடிப் பிடித்து, மாலை வகுப்பில் உட்கார வைத்து, நவம்பரில் ஒரு பரீட்சையும் எழுத வைக்க வேண்டுமாம். எட்டாம் வார்டு என் பொறுப்பு. இருபது பேர். சம்பளம் கிடையாது என்று பயிற்சி கொடுத்த பிரிட்டோ சார் மூன்று தடவை சொன்னார். முப்பது வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவளிடம் போய் இதைச் சொல்கிறார். ஓய்வு பெற்றதிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கொடுங்கள் சார் என்று படிவக் கட்டை வாங்கி வந்துவிட்டேன்.

முதல் படிவத்தில் எங்கள் வீட்டையே எழுதினேன். இந்திராணி, வயது 61, எஸ்.எஸ்.எல்.சி. கணவர் சுருளியாண்டி, வயது 67, ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். குழந்தைகள் என்ற கட்டத்தில் ஒரு கோடு. கடைசிக் கட்டத்தில் ‘இருவரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிட வேலை.

அவர் அப்போது வாசலில் நாற்காலி போட்டு தினசரியைப் பிரித்து வைத்திருந்தார். படத்தை வைத்து நேர் எது, தலைகீழ் எது என்று கண்டுபிடித்துவிடுவார். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் என்று அவருக்கு ஓர் அளவு உண்டு. எங்கேயாவது யாராவது காகிதத்தை நீட்டினால், “கண்ணாடி கொண்டாரலியே” என்பார். இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

கையெழுத்து மட்டும் போடுவார். கல்யாணமான புதிதில் நான் சொல்லிக் கொடுத்தது. எழுத்தாக இல்லை, கோலமாகப் பழகிக்கொண்டார்.

இந்த நோட்டு எப்போதும் டிவி மேலேதான் கிடக்கும். ஒளித்து வைக்கிற அவசியம் எனக்கு வந்ததே இல்லை.

ஜூன் 15, சனி

“எழுதப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டால் ஒருவரும் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். கதவைச் சாத்தாத குறைதான். எனக்கா வழி தெரியாது? கையில் ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனேன். “எந்த மண்டபம்னு பாத்துச் சொல்லுங்க, நான் கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்” என்று நீட்டுவது. “எனக்கும் கண்ணாடி இல்லியே டீச்சர்” என்று சொல்கிறவர்களைக் குறித்துக்கொள்வது. இன்றைக்கு நாலு பேருக்குக் கண்ணாடி இல்லை.

மாயக்காளிடம் மட்டும் என் வித்தை பலிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. இவர் வேலை பார்த்த அதே கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள். பத்திரிகையை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “எனக்கு எழுத்தே தெரியாது டீச்சர். கண்ணாடி போட்டா மட்டும் தெரிஞ்சிருமா?” என்றாள். சிரித்துவிட்டேன்.

அப்புறம் அவள் சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை. போன மாதம் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கப் போனவள், காலை முழுக்க வேறு வரிசையில் நின்றிருக்கிறாள். பிரசவம் பார்க்கிற வரிசை. முன்னால் நின்ற பிள்ளைகள் எல்லாம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் சந்தேகமே வந்ததாம். போர்டு தலைக்கு மேலேயே தொங்கியிருக்கிறது. “நர்சம்மா சிரிச்சா. நானும் சேந்து சிரிச்சுட்டு வந்துட்டேன்” என்றாள்.

ஜூன் 21, வெள்ளி

பதினெட்டு ஆகிவிட்டது. மாயக்காள் பிடி கொடுக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

கிட்டங்கிக்கே போனேன். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாயக்காள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கை அள்ளிப் பிரித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

“பச்சை எது, வெளுப்பு எதுன்னு இத்தனை வேகமாப் பிரிக்கிற கண்ணு. இருநூத்துச் சொச்சம் எழுத்து உனக்கு ஒரு வேலையா?”

“அதுக்கில்ல டீச்சர். இந்த வயசுல போயி சிலேட்டத் தூக்கிட்டு... பாக்குறவுக என்ன சொல்லுவாக?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சத்தமாகவே சொன்னேன். தெரியாதது வெட்கமில்லை, தெரிந்த மாதிரி ஆயுசு முழுக்க நடிப்பதுதான் கஷ்டம். எவன் சிரித்தால் உனக்கென்ன? உனக்கு வந்த காகிதத்தை நீயே படிக்க வேண்டாமா? அடுத்தவர் படித்துச் சொல்வதுதான் அதில் இருக்கிறதென்று உனக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் சொன்னதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் மாயக்காள் அதைக் கேட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். பெயர் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, நான் பேசிய பேச்சை இவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டு, “அப்ப எனக்கும் ஒரு சிலேட்டு குடேன்” என்றார்.

“சும்மா இருங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்” என்றேன். அவருடைய நல்லதுக்குத்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

ஜூலை 3, புதன்

வகுப்பு தொடங்கிவிட்டது. பள்ளிக்கூட வராந்தா, சாயங்காலம் ஐந்தரை. பதினேழு பேர் வந்தார்கள். எல்லார் கையிலும் ஏலக்காய் வாசனை. ‘ட’வில் ஆரம்பித்தேன். இரண்டே கோடுதான், கை பழகும். மாயக்காள் பல்பத்தை இறுக்கிப் பிடித்து நாலு துண்டாக்கிவிட்டாள்.

இன்னொன்று. மழைக்குப் பரண் பக்கம் ஓதம் அடிக்கிறது. ரேஷன் கார்டு வைத்திருக்கிற தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன். அதில் இருக்கிற கடிதம் நனையவில்லை. எப்படி நனையும்? எங்கள் மகள் வளர்மதி இறந்துபோன வருடமே அவர் அதைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டார். ரேஷன் கார்டை அப்படியே விட்டுவிட்டார். அந்தக் கடிதத்துக்கு மட்டும்.

ஜூலை 19, வெள்ளி

வளர்மதி பிறந்த நாள். இருந்தால் முப்பத்தாறு.

பாயசம் வைத்தேன். அவர் குளித்துவிட்டு, துவைத்த வேட்டி கட்டி, பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்துத் துண்டால் துடைத்து என்னிடம் கொடுத்தார். வருடத்துக்கு ஒரு தடவை, இந்த ஒரு நாள்தான் கேட்பார். வாசித்துக் காட்டினேன்.

“அப்பா, நான் நல்லா இருக்கேன். என்னையத் தேட வேண்டாம். யாரும் வர வேண்டாம். நீங்களும் வராதீங்க.”

பதினான்கு வருடமாக ஒரு சொல் மாறாமல் வாசித்து வருகிறேன். பார்க்காமலே சொல்வேன்.

அவர் வழக்கம்போல, “வராதீங்கன்னு எழுதிட்டா, கழுத” என்றார். பிறகு, “நாலு வரிதானா? பக்கம் பூரா எழுதியிருக்கே” என்றார். இந்தக் கேள்வி புதிது. பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறாள் என்று சொன்னேன். பாயசத்தில் முந்திரி கொஞ்சம் கருகிவிட்டது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மாயக்காள் இன்று மாத்திரை அட்டையின் பின்புறத்தைத் திருப்பி எழுத்துக் கூட்டினாள். “கா... லை... காலை!” வராந்தாவே திரும்பிப் பார்த்தது. “ரெண்டு வருசமா இத ராத்திரியில முழுங்கிட்டு இருக்கேன் டீச்சர்” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மருந்துக் கடைக்காரர் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார், பாவம், யாருக்காக எழுதினாரோ.

வீட்டுக்கு வந்தபோது இவர் இல்லை. இப்போதெல்லாம் சாயங்காலம் சுப்பிரமணியர் கோயிலுக்குப் போகிறார். நெற்றியில் திருநீறு இல்லாமல் வருகிறார். கேட்டால் வியர்வையில் போய்விட்டது என்கிறார்.

ஆகஸ்ட் 28, புதன்

பிரிட்டோ சார் வகுப்பைப் பார்வையிட வந்தார். எல்லாம் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போகும்போது ஒரு தாளை எடுத்தார்.

“ஒரு சின்ன குழப்பம்மா. ஒன்பதாம் வார்டுல ஷகிலா பானு நடத்துற ஆண்கள் வகுப்புல சுருளியாண்டின்னு ஒருத்தர் இருக்காரு. உங்க வீட்டு விலாசம். ஆனா உங்க வீட்டுப் படிவத்துல ரெண்டு பேரும் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்கன்னு இருக்கே?”

“இந்த ஊர்ல சுருளியாண்டிக்குப் பஞ்சமா சார்? விலாசத்தைத் தப்பா எழுதியிருப்பாங்க” என்றேன். சரிதான் என்று போய்விட்டார்.

வகுப்பை மாயக்காளிடம் விட்டுவிட்டு ஒன்பதாம் வார்டுக்கு நடந்தேன். பழைய கிட்டங்கியின் பின்புறம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏழெட்டு ஆண்கள். நடுவில் அவர். சிலேட்டை மடியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். வளர்மதி இரண்டாம் வகுப்பில் இப்படித்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவாள்.

கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன். இனி இந்த நோட்டை அரிசி டிரம்மில் வைக்க வேண்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு நடக்க முடியவில்லை.

வளர்மதியை என் அண்ணன் மகனுக்குப் பேசி முடித்திருந்தோம். முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது திருப்பூர் பனியன் கம்பெனிப் பையன் ஒருவனோடு போய்விட்டாள். அண்ணன் வாசலில் நின்று, “அவ திரும்பி இந்த வீட்டுப் படி ஏறினா உனக்கும் எனக்கும் ஒன்னுமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தார் எல்லாம் கேட்டார்கள்.

நாற்பது நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. வீட்டுக்கு இல்லை, கிட்டங்கி விலாசத்துக்கு, அப்பா பெயருக்கு. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது வளர்மதிக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்தால் அப்பாவை மதிக்காது என்று நான்தான் மறைக்கச் சொன்னேன். அவள் பாடப் புத்தகத்தை விரித்தால் இவரும் பக்கத்தில் உட்கார்ந்து “உம், உம்” என்று தலையாட்டுவார். ராங்க் கார்டில் அப்பாதான் கையெழுத்துப் போடுவார். அப்பாவே படித்துக்கொள்வார் என்று நம்பித்தான் எழுதியிருக்கிறாள்.

அவர் அதை உடைக்கக்கூட இல்லை. வேலையை விட்டு ஓடி வந்து என் கையில் கொடுத்து, “வாசி, வாசி” என்றார்.

அதில் இருந்தது இது:

‘அப்பா, இந்த லெட்டரை அம்மாகிட்ட காட்டாதீங்க. நான் பண்ணினது தப்புதான். இங்க இருக்க முடியல. உடம்பும் சரியில்ல. அம்மா வந்தா திட்டுவாங்க, மாமா அடிப்பாங்க. நீங்க மட்டும் வாங்கப்பா. நீங்க வந்து கூப்பிட்டா வந்துருவேன். தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு கம்பெனி வாசல்ல நிப்பேன்.’

கீழே கம்பெனிப் பெயரும் தெருவும்.

முதல் வரியைப் படித்தவுடன் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்து மாதம் சுமந்தவளுக்குக் காட்டாதே என்கிறாள். அண்ணன் முகம் வந்து நின்றது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த நாலு வரியைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. தை வரைக்கும் போகட்டும், அண்ணனுக்குக் கோபம் தணியட்டும், அப்புறம் நானே சொல்லி அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மார்கழியில் போன் வந்தது. மஞ்சள் காமாலையாம். வயிற்றில் நாலு மாதம். அடக்கம் பண்ணிவிட்டுத்தான் சொன்னார்கள்.

காமாலைக்கு நான் என்ன செய்ய முடியும்? யாருக்கும் வருகிற நோய்தானே.

செப்டம்பர் 6, வெள்ளி

ஷகிலா பானுவைப் பார்த்து, இவருக்குக் கண்ணில் நரம்புக் கோளாறு, எழுத்தைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். நல்ல பிள்ளை, பதறிவிட்டாள். “ஐயோ, தெரியாம போச்சே ஆன்ட்டி. ஆனா அவர்தான் முதல் ஆளா வர்றாரு. நானா எப்படி வராதீங்கன்னு சொல்றது?” என்றாள்.

வராதீங்க என்று சொல்வது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

பெட்டியைத் திறந்து கடிதத்தை அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். பிளாஸ்டிக் உறைக்குள் அவள் கையெழுத்து அப்படியே இருந்தது. ‘ப்பா’வுக்குக் கால் போடும்போது கீழே ஒரு சுழி சுழிப்பாள். திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவள் கையெழுத்தென்று இந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை. புத்தகங்களை எல்லாம் அப்போதே நான் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டேன்.

அவருக்கு இன்னும் அச்சு எழுத்துத்தான் வரும். கையெழுத்துக் கோத்து எழுதினால் புரியாது. பெரியவர்களுக்கு அது வருவதற்கு ஒரு வருடம் ஆகும்.

அக்டோபர் 9, புதன்

வகுப்பு முடிந்ததும் மாயக்காள் கூடவே நடந்து வந்தாள். எதையோ சொல்ல வாயெடுப்பதும் விடுவதுமாக வந்தவள், முச்சந்தியில் நின்றுவிட்டாள்.

“டீச்சர், கோவிச்சுக்காதீக. உங்க வீட்டு மாமாவ வகுப்புக்குப் போகச் சொன்னது நாந்தான். நீங்க அன்னிக்குக் கிட்டங்கியில சொன்னீகள்ல, அடுத்தவுக படிச்சுச் சொல்றதுதான் அதுல இருக்குன்னு எப்பிடித் தெரியும்னு. அத அப்பிடியே மாமாகிட்ட சொன்னேன். மறுநாளே போயிட்டாக.”

“அவருக்குத் தெரியாதுன்னு உனக்கு யார் சொன்னா?” என்று கேட்டேன்.

“இதென்ன டீச்சர், கிட்டங்கியில எல்லாருக்கும் தெரியுமே! மூட்டையில இருக்க நம்பர மொதலாளியே வாயால சொல்லுவாக. மாமாவுக்குச் சங்கடமா இருக்கும்னு யாரும் காட்டிக்கிட்டதில்ல.”

நாற்பது வருடமாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தது ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரியாமல் போனது ஒருத்திக்குத்தான். அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தால் கடிதம் எழுதியிருக்கமாட்டாள். பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிட்டிருப்பாள்.

அக்டோபர் 17, வியாழன்

சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போகவில்லை. பெட்டியை இறக்கினார். பிறந்த நாளுமில்லை, திதியுமில்லை. கடிதத்தை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“ஒருதரம் வாசி இந்திரா.”

“கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல” என்றேன்.

எழுந்து போனார். சமையலறையில் மிக்ஸி பக்கத்திலிருந்து கண்ணாடியை எடுத்து வந்து, துண்டால் இரண்டு பக்கமும் துடைத்து, என் கையில் கொடுத்தார். போட்டுக்கொண்டேன். அவர் எனக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடிதத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தார்.

“உம். வாசி.”

நான் வாசித்தேன். அப்பா, நான் நல்லா இருக்கேன். என்னையத் தேட வேண்டாம். அவர் விரல் முதல் வரியிலிருந்து மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. யாரும் வர வேண்டாம். விரல் நின்றுவிட்டது. நான் நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. சத்துணவுக்கூடத்தில் இன்னொரு கரண்டி கேட்க வந்து, கேட்காமல் நிற்கிற பிள்ளைகள் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“நீங்களும் வராதீங்க” என்று முடித்துவிட்டேன்.

“சரி” என்றார். கடிதத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவரால் படித்திருக்க முடியாது. விரல் வைப்பது ஷகிலா பானு சொல்லிக் கொடுத்த பழக்கம். எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள். என் வகுப்பிலும் வைக்கிறார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

அவர் துணிப் பையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே வகுப்பு நோட்டு. முதல் பக்கங்களில் படம், பட்டம், மரம். அப்புறம் தேதி போட்ட பக்கங்கள். செப்டம்பர் 23ஆம் தேதி பக்கம் முழுக்க ஒரே வரி, மேலிருந்து கீழே வரைக்கும், பதினாறு தடவை. ‘நீங்க மட்டும் வாங்கப்பா.’ அவள் போடுகிற சுழியைக்கூடப் பார்த்துப் போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 23. என்னை வாசிக்கச் சொன்னது அக்டோபர் 17.

பையைத் துவைக்கவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிரசம் பிரிந்து போய்விட்டது. நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்.

நவம்பர் 16, சனி

சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் எழுந்திருக்கிறேன். காப்பி கொடுக்கும்போது, சோறு போடும்போது, துணி மடிக்கும்போது. வாய் வரவில்லை. அவர் கத்தினால்கூடத் தேவலை. கடைத்தெருவில் நடக்கும்போது போர்டுகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருகிறார். என்னிடம் ஒன்றையும் கேட்பதில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

பரீட்சை. இரண்டு வார்டுக்கும் ஒரே பள்ளிக்கூடம். யாரும் தன் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது என்று வகுப்பை மாற்றிப் போட்டார்கள். மாயக்காள் கூட்டத்துக்கு ஷகிலா பானு. எனக்கு ஆண்கள்.

அவர் மூன்றாவது பெஞ்சு. வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரி வந்திருந்தார். வீட்டிலிருந்து எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். வினாத்தாளைக் கொடுத்தபோது எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். நான் அவர் பக்கம் போகவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் கடைசி வரைக்கும் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு தடவை சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு எழுந்து வந்து தாளைக் கொடுத்தார்.

“முடிச்சிட்டேன் டீச்சர்” என்றார்.

வேறு யாரும் அறையில் இல்லை. ஆனாலும் டீச்சர் என்றுதான் சொன்னார். பெஞ்சுக்கு அடியிலிருந்து துணிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். தாள்களைக் கட்டி, எண்ணி, பிரிட்டோ சாரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. தகரப் பெட்டியில் ரேஷன் கார்டு மட்டும் இருந்தது.

நவம்பர் 25, திங்கள்

திருத்துவதற்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கட்டையே எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

கடைசிக் கேள்வி: வெளியூரில் இருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் எழுதுக. பத்து மதிப்பெண். எல்லாரும் ஐந்து வரி எழுதியிருந்தார்கள், நலம், நலமறிய ஆவல் என்று. இவர் தாளின் பின்பக்கமும் எழுதியிருந்தார். பிழைகளை நான் திருத்தவில்லை, இங்கே மட்டும் சரியாக எழுதுகிறேன்.

‘அன்பு மகள் வளர்மதிக்கு அப்பா எழுதுவது. உன் கடுதாசி இப்பத்தான் படிச்சேன். எனக்கு அப்ப எழுத்து தெரியாது. உன்கிட்ட அதைச் சொல்லாம விட்டது என் தப்பு. அம்மாகிட்ட காட்டாதன்னு எழுதியிருக்க. தெரியாம காட்டிட்டேன். அம்மா மேல கோவப்படாத. அவளுக்கு அப்ப கண்ணாடி இல்ல. நீ எத்தன நாள் வாசல்ல நின்னயோ. நான் மட்டும் வாரேன். அஞ்சு மணிக்கு வந்து நிக்கிறேன். இப்படிக்கு சுருளியாண்டி.’

பெறுநர் விலாசத்துக்கு என்று தாளில் ஒரு கட்டம் அச்சடித்திருந்தது. அதை வெறுமையாக விட்டிருந்தார். விலாசத்துக்கு இரண்டு மதிப்பெண். எட்டு போட்டேன்.

“யார்மா இவரு, நல்லா எழுதியிருக்காரே” என்று பிரிட்டோ சார் எட்டிப் பார்த்தார்.

“என் வீட்டுக்காரர். படிவத்துல நான்தான் பொய் எழுதினேன் சார்” என்றேன்.

நவம்பர் 27, புதன்

இன்னும் வரவில்லை. மாயக்காள் வந்து கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தாளாம். “போர்டுக்குக் கீழ நின்னு, திருப்பூர்னு கூட்டிப் படிச்சுட்டுத்தான் ஏறினாக. யாரையும் கேக்கல டீச்சர்” என்றாள். அவளுக்கு அதில் பெருமை. அந்தக் கம்பெனியை மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்று அவளிடம் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரியாது.

அழுகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை.

நோட்டை அரிசி டிரம்மிலிருந்து எடுத்தாயிற்று. எழுதி முடித்ததும் டிவி மேல் வைக்கப் போகிறேன். கீழே இருப்பதைப் பெரிய எழுத்தில், கோத்து எழுதாமல், ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எழுதுகிறேன். கூட்டிப் படிக்க வசதியாக இருக்கும்.

நீங்க வந்ததும் படிங்க.

அவ வாங்கப்பான்னுதான் எழுதினா.

நான் வராதீங்கன்னு வாசிச்சேன்.

அப்ப எனக்குக் கண்ணாடி இல்ல. கண்ணாடி தேவையும் இல்ல.

எனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சது.